பின்னால் தெரிகிறதைப் பார், மச்சான்

கொக்குவில்
ஐப்பசி மழை தொடங்கிய கிழமை

அன்புள்ள மச்சான்,

நாங்கள் நலம். நீங்களும் நலம். உன் மனிசி என் மனிசிக்கு அனுப்புகிற குரல்பதிவுகளில் உன் முழங்கால், உன் கொலஸ்ட்ரோல், பனி வரமுன்பே நீ வாங்கி வைத்திருக்கிற சப்பாத்து எல்லாம் எனக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. ஆகவே அந்தப் பகுதி முடிந்தது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். வட்ஸ்அப்பில் சொன்னால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு ஒரு கட்டைவிரலை அனுப்புவாய். இந்த விசயத்துக்கு அது சரிவராது. சோடா மாமாவின் மகன் வருகிற கிழமை ரொறன்ரோ திரும்புகிறான். அவன் பெட்டியில் மிளகாய்த்தூளுக்கும் ஒடியல் மாவுக்கும் நடுவில் இந்த உறையும் வரும். உள்ளே கொஞ்சப் படங்கள் வைத்திருக்கிறேன். படங்களைப் பார்த்துவிட்டு, கடிதத்தைப் பிறகு வாசிக்கலாம் என்று ஒதுக்கி வைக்காதே. உனக்கு ஒரு வேலை இருக்கிறது.

நான் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் ஒரு படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சித்திரை வருசப்பிறப்பன்று தொடங்கினேன். பென்சனுக்குப் போகமுன்னமே விசர் பிடித்துவிட்டது என்று மனிசி ஊருக்குச் சொல்லிவிட்டாள். உன் காதுக்கும் வந்திருக்கும். கமரா ஒன்றும் வாங்கவில்லை, பயப்படாதே. கையில் கிடக்கிற போன்தான்.

மூட்டிவிட்டது சின்னவன். கம்பசில் யாரோ காட்டினார்களாம். நியூயோர்க்கில் ஜேமி லிவிங்ஸ்டன் என்று ஒருவர் 1979 மார்ச் 31 இல் தொடங்கி நாளுக்கு ஒரு போலரொயிட் படம் எடுத்திருக்கிறார். 1997 அக்டோபர் 25, தன் 41 ஆவது பிறந்தநாளன்று புற்றுநோயில் இறக்கும்வரைக்கும் எடுத்திருக்கிறார். ஏறக்குறைய 6,700 படங்கள். அவர் போனபிறகு கூட்டாளிமார் அவற்றை ஒழுங்குபடுத்தி இணையத்தில் போட்டார்கள். ஓரிரவு இருந்து பார்த்தேன். பெரும்பாலானவை ஒரு விசேசமும் இல்லாத நாட்கள். சாப்பிடுகிறார்கள், சும்மா இருக்கிறார்கள், யாரோ யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். கடைசிப் பக்கம் ஆஸ்பத்திரி. போலரொயிட் என்றபடியால் பிடிக்கவில்லை என்று அழித்துவிட்டு இன்னொன்று எடுக்க ஏலாது. அன்றைக்கு வந்தது வந்ததுதான்.

படுத்தபிறகு எனக்கு வேறு கணக்கு ஓடத் தொடங்கியது. 1979 இல் நீயும் நானும் ஐந்தாம் வகுப்பு. 1997 இல் நீ கனடாவில் ஏதோ தொழிற்சாலையில் இரவு வேலை, நான் இங்கே ஆமியிடம் பயணப் பாஸ் எடுக்க வரிசையில். அதே பதினெட்டு வருசம், மச்சான். அந்த மனுசனிடம் ஒவ்வொரு நாளும் இருக்கிறது. எங்களிடம் என்ன இருக்கிறது? பெரியக்காவின் சாமத்தியப் படம். சின்ன மாமாவின் கலியாணப் படம், அதிலும் மாமா கண்ணை மூடியிருக்கிறார். ஸ்ரூடியோவில் வரைந்த பூந்தோட்டத்துக்கு முன்னால் கதிரையில் ஒரு கையை வைத்து விறைத்தபடி நிற்கிற அப்பா. பிறகு அடையாள அட்டைக்கு எடுத்த படங்கள். அவ்வளவுதான். அதுகூட எங்களிடம் தங்கவில்லை. கொழும்பிலும் லண்டனிலும் இருந்த சொந்தங்களுக்கு அனுப்பிய பிரதிகள்தான் திரும்பி வந்தன.

நியாயம் இருக்கிறது. ஒரு ரோலில் 36 படம். அது முடியும்வரை மாதக்கணக்காகக் கமராவுக்குள்ளேயே கிடக்கும். முடிந்தபிறகு ரவுணுக்குக் கொண்டுபோய்க் கழுவ வேண்டும், அதற்கும் காசு. அப்படியிருக்க, குசினியில் புட்டு அவிகிறதை எவன் எடுப்பான்? எடுத்திருந்தால் அப்பா தோலை உரித்திருப்பார். ஆனால் பார், தொண்ணூறுகளில் நாங்கள் சீவித்த சீவியத்துக்கு ஒரு சாட்சி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்டதைச் சின்னவனுக்குச் சொன்னேன். நம்புகிறான், ஆனால் ஒரு பழைய கதையை நம்புகிற மாதிரி நம்புகிறான். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு அடைத்து, கொஞ்சமாய் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டுக் கொளுத்திய விளக்கு எப்படி இருக்கும் என்று கேட்டான். பேப்பரில் கீறிக் காட்டினேன். அந்தக் கீறலைப் பார்த்து, "இது குண்டோ அப்பா?" என்றான். நீ இருந்திருந்தால் அன்று முழுக்கப் பம்பலாய்ப் போயிருக்கும்.

சரி, என் வேலைக்கு வருகிறேன். மூன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். ஒன்று, படலைக்கு உள்ளேதான் எடுக்கலாம். இரண்டு, யாரையும் "இஞ்சை பார்" என்று சொல்லக்கூடாது. மூன்றாவது மூத்தவள் போட்டது: பிள்ளையின் முகம் முகப்புத்தகத்துக்கோ குடும்பக் குழுவுக்கோ போகக்கூடாது. முதலில் கோபம் வந்தது. "நான் தூக்கி வளர்க்கிற பேரன், எனக்குச் சட்டமோ" என்று கேட்டேன். அவள் அசையவில்லை. "அவனுக்கு நாலு வயது, அவனிட்டை ஆரும் கேக்கேல்லை" என்றாள். பிறகு யோசித்தால் அதில்தான் வசதி. யாரும் பார்க்கப்போவதில்லை என்றால் வீட்டில் யாரும் தலை வாருவதில்லை, கொடியில் காயும் உள்பாவாடையை மறைப்பதில்லை. லைக் வராத படம்தான் நல்ல படம் என்பது என் கட்சி. நீ எதிர்க்கட்சி என்று தெரியும்; உன் பார்பிக்யூ படங்களை நானும் பார்க்கிறவன்தானே.

எல்லா நாளும் நன்றாய் வருகிறதென்று நினைக்காதே. பாதி நாள் இரவு பத்து மணிக்குத்தான் ஞாபகம் வரும். அப்போது அகப்படுகிறது நுளம்புவலை, கழுவாத தேத்தண்ணிக் கோப்பை, ரிவி வெளிச்சத்தில் வாயைத் திறந்தபடி நித்திரையாகிப்போன மருமகன். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் இன்னும் மோசம். பின்னேரமானால் வீடே காலி, எல்லோரும் கோயிலடியில். வாசலில் கிடக்கிற செருப்புகளையும், கழுவிக் கவிழ்த்த மச்சச் சட்டியையும் எடுத்துக் கொண்டிருந்தேன். அந்தச் சட்டி விரதம் முடியுமட்டும் அசையவே இல்லை. அந்த நாட்களின் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் சட்டிக்கு மேலே சிலந்தி வலை கட்டுவது தெரிகிறது. அதை எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. உறைக்குள் மூன்றாவது நாலாவது படமாக வைத்திருக்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்.

இப்போது அம்மாவின் கதை. அம்மாவுக்குப் படம் என்றால் ஒரே ஒரு பயன்தான்: கல்வெட்டு, செத்தபிறகு அடிக்கிற நினைவுப் புத்தகம். நான் போனைத் தூக்கினால் போதும், "பொறு, சீலை மாத்திக்கொண்டு வாறன்" என்று அறைக்குள் போய்விடுவா. திரும்பி வரும்போது பட்டுச்சீலை, திருநீறு, சங்கிலி. கதிரையில் நிமிர்ந்து இருந்து, சிரிக்காமல், நேரே பார்ப்பா. "உதை வடிவா வைச்சிரு. பிறகு அந்தரப்பட்டு அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சுப் போஸ்டர் அடிக்கிறேல்லை, கண்டியோ." உன் மாமியின் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைச் சந்தியில் பார்த்த நாளிலிருந்து இந்தப் பயம். அந்தப் போஸ்டரில் மாமி கள்ளக் கடவுச்சீட்டில் பிடிபட்ட ஆள் மாதிரித்தான் இருந்தா என்பதை நீயும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, கல்வெட்டுக்கு நல்ல படம் ஏராளமாய் இருக்கிறது. ஆனால் வீட்டுச் சட்டையோடு, தலைமயிர் அவிழ்ந்தபடி, கறிவேப்பிலை முறிக்கிற அம்மா ஒரு படத்திலும் இல்லை. போனைக் கண்டால் முதுகைக் காட்டுவா. "கண்டறியாத படம். கிணத்தடியில நிக்கிறதை ஆர் பாக்கப் போயினம்?"

ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கியது. எங்கள் பின்வேலியோடு நிற்கிற இரண்டு பனைகளும் பழுத்து, இரவில் தொம் தொம் என்று விழுந்தன. எண்பது தாண்டிய மனுசி, ஒருத்தரும் கேட்காமல், பணியாரம் சுடப் போகிறேன் என்று வெளிக்கிட்டுவிட்டா. பழத்தை அடுப்பில் வாட்டி, தோலை உரித்து, பெரிய சட்டிக்குள் வைத்துப் பிசைந்தா. உனக்குத் தெரியும்தானே, தும்புக்குள்ளிருந்து களி லேசில் வராது. உள்ளங்கையின் அடியால் கொட்டையில் வைத்துத் தேய்த்து இழுக்க வேண்டும். இரண்டு கையும் முழங்கைவரை செம்மஞ்சள். விரல் இடுக்குகளில் தும்பு. இடது கைக் காப்பு களியில் ஒட்டி மேலே ஏறி நின்றுவிட்டது. மூக்கில் வந்து இருந்த இலையானைத் தோளால் தட்டிவிட்டா, கையை எடுக்க ஏலாதே. நான் வாசலில் நின்றேன். ஓடவும் முடியாது, சீலை மாற்றவும் முடியாது. அகப்பட்டுவிட்டா.

"கையை மட்டும் எடு. முகம் வேண்டாம்" என்றா.

எடுத்தேன். அன்றைக்குக் காட்டினேன். போனை என் கையில் வைத்தபடியே பார்த்தா, தொட்டால் களி பிரளும் என்று. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னா: "கை கிடக்கட்டும். பின்னால இந்தச் சுவரும் யன்னலும் வந்திருக்கு. அங்கத்தைக் குசினியில யன்னல் மற்றப் பக்கம், என்ன? காலமை வெயில் நேரே அடுப்பில விழும்." பிறகு, களியை வடிக்கிற துணியைத் தேடிக்கொண்டே, தனக்குச் சொல்வதுபோல: "அந்தக் குசினி ஒரு படத்திலதான் இருக்கு. உவன்ர அண்ணன் எடுத்தது. நான் விளக்குமாறோட நிக்கிறன்."

உவன் என்றால் நீதான்.

ஞாபகம் வருகிறதா? 86 ஆம் ஆண்டா 87 ஆ? உன் அண்ணை சவூதியிலிருந்து அந்தக் கறுத்தக் கமராவைக் கொண்டுவந்த விடுமுறை. ரோலில் மிஞ்சிக் கிடந்ததை முடித்துக் கழுவக் கொடுக்கவேண்டும் என்று எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் வந்து சும்மா கிளிக்கினார். நீயும் நானும் மொட்டையும் ஒரே சைக்கிளில். மொட்டைக்கு அப்போது முடி இருந்தது. அதற்கும் அதுதான் சாட்சி. பின்னால் அம்மா ஈர்க்கு விளக்குமாறோடு, வெறுந்தோளில் ஒரு துவாய், எங்களைப் பார்த்து ஏசியபடி. படம் கழுவி வந்த அன்று அம்மா உன் அண்ணையோடு கதைக்காமல் விட்டா. எங்களுக்குத் தந்த பிரதியைக் கிழித்து அடுப்பில் போட்டதை நானே பார்த்தேன். உன் அம்மாவின் அல்பத்தில் இருந்தது கனடாவுக்கு வந்தது. 2003 இல் நீ இங்கே வந்தபோது அதைச் சொல்லி அம்மாவைப் பகிடி பண்ணினாய், அவ தேத்தண்ணி தராமல் உன்னை இருக்கவைத்தா.

இப்போது அந்தப் படம் எங்களுக்கு வேண்டும், மச்சான். பகிடி இல்லை.

90 ஆனியில் சண்டைக்குள் அந்தப் பழைய வீட்டை விட்டு வெளிக்கிடும்போது ஒரு கிழமையில் திரும்பி வருவோம் என்றுதான் வந்தோம். பூட்டிய அலுமாரிக்குள் அல்பம். கொக்குவிலில் கொஞ்சம் கொஞ்சமாய் மறுபடி சேர்த்தது, 95 அக்டோபர் 30 இரவு மழைக்குள் செம்மணி வழியாய்ச் சாவகச்சேரிக்கு நடந்தபோது போனது. அன்றைக்கு அம்மா தூக்கியது காணி உறுதியும் ஒரு பானையும். உறுதியைத் தூக்கியது சரிதான், நான் குறை சொல்லவில்லை. பழைய வீடு இருந்த வலிகாமம் வடக்கில், ஆமி பிடித்து வைத்திருந்த காணிகளைத் துண்டு துண்டாய் விட்டார்கள் அல்லவா. மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 ஆடியில் விட்டது, எங்கள் துண்டு அதற்குப் பிறகு. 27 வருசத்துக்கு மேல். போய்ப் பார்த்தால் வீடு இல்லை. சுவர் இல்லை, அத்திவாரம்கூட மேலே தெரியவில்லை. கிணறு தூர்ந்து மண்ணோடு மண். நாயுருவியும் விளாத்தியும் ஆள் உயரத்துக்கு. இதை முன்பும் உனக்குச் சொன்னேன். சொல்லாதது என்னவென்றால், அந்த வெளியில் நின்றுகொண்டு நாங்கள் மூன்று பேர் சண்டை பிடித்தோம். கிணறு எங்கே இருந்தது என்று. நான் மேற்கே என்றேன். பெரியக்கா இல்லை, மாமரத்துக்குக் கிழக்கே என்றா. அந்த மாமரமே எது என்று தெரியாது. அம்மா ஒன்றும் சொல்லாமல் ஒரு கல்லில் இருந்தா. அங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கு எங்கள் கிணறு எங்கே என்று தெரியவில்லை. நில அளவையாளர் வந்து எல்லைக்கல்லைக் கண்டுபிடித்துத் தந்தார். ஆனால் அவருடைய காணி வரைபடத்தில் குசினி இல்லை, கிணற்றில் தண்ணி இறைக்கிற துலா இல்லை.

உன் அண்ணையின் படத்தில் இருக்கிறது. எனக்கு நல்ல ஞாபகம், சைக்கிளுக்கு வலப்பக்கம், படத்தின் விளிம்பில், துலாவின் கால் தெரியும். அம்மா நிற்பது குசினி வாசல். இரண்டையும் வைத்தால் கிணறு எந்தப் பக்கம், வாசலிலிருந்து எத்தனை எட்டு என்று கணிக்கலாம். முற்றத்து மாமரமும் வந்திருக்க வேண்டும். நாங்கள் அங்கே ஒரு சின்ன அறையாவது கட்டப்போகிறோம். அம்மாவுக்குக் குசினி அதே இடத்தில், யன்னல் அதே பக்கம் வேண்டுமாம். கட்டி முடிக்கும்வரை இருப்பேனோ தெரியாது, ஆனால் இடத்தைக் காட்டிவிட்டுப் போகிறேன் என்கிறா. நான் என்ன சொல்ல?

அன்றிலிருந்து நான் படம் எடுக்கிற விதம் மாறிவிட்டது. முகத்துக்குக் கிட்டப் போவதில்லை. இரண்டு எட்டுப் பின்னால் போய், போனைக் கிடையாய்ப் பிடித்து, சுவர், யன்னல், கூரை எல்லாம் வருகிறமாதிரி எடுக்கிறேன். பேரன் சோறு சாப்பிடுகிற படத்தில் அவன் சின்னதாய்த்தான் தெரிவான். சுவரில் அவன் கீறிய மாட்டு வண்டில், கதவுக்குப் பின்னால் மருமகனின் மழைக்கோட்டு, காஸ் சிலிண்டர், கலண்டர் எல்லாம் தெரியும். முகம்தான் எல்லாப் படத்திலும் வருகிறதே. அறை எப்படி இருந்தது என்பதைத்தான் ஒருவரும் எடுப்பதில்லை.

இனி உனக்குரிய வேலை. கவனமாய் வாசி.

அல்பம் அந்தக் காலத்துப் பசை அல்பம் என்றால், மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், படத்தைப் பிடித்து இழுக்காதே, கிழியும். பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற நூல் இருக்கிறதல்லவா, அதைப் படத்துக்கும் தாளுக்கும் நடுவில் மெல்ல அறுப்பதுபோல் கொண்டுபோனால் கழன்று வரும். வராவிட்டால் விட்டுவிடு, தாளோடேயே ஸ்கான் பண்ணு. 600 டிபிஐக்குக் குறையாதே. போனில் படத்தைப் படம் எடுத்து அனுப்பினால் உன்னோடு கதை இல்லை. பின்பக்கத்தில் ஏதும் எழுதியிருந்தால் அதையும் ஸ்கான் பண்ணு. உன் அம்மா திகதி எழுதுகிறவ. விளிம்பை வெட்டாதே, எனக்கு வேண்டியதே விளிம்பில்தான் இருக்கிறது. வட்ஸ்அப்பில் அனுப்பாதே, அது சுருக்கித் தள்ளிவிடும். மின்னஞ்சலில் கோப்பாக அனுப்பு. முக்கியமாய், உன் மகன் செயற்கை நுண்ணறிவு கொண்டு பழைய படங்களைப் புதுக்கித் தருகிறேன் என்று நிற்பான், விடாதே. இங்கே ஒரு வீட்டில் அப்படிச் செய்து, வாழ்நாள் முழுக்க முன்பல் இல்லாமல் இருந்த தாத்தாவுக்கு வரிசைப் பல்லு வந்துவிட்டது. துலா இருந்த இடத்தில் அது தென்னை ஒன்றை நட்டு வைத்தால் நான் கிணற்றை அயலவன் காணியில் தோண்டுவேன்.

ஒரு யோசனை என்னை அரிக்கிறதுதான். இப்படி ஒவ்வொரு நாளும் எடுத்து எங்கே வைப்பது? கூகிளில் சும்மா தருகிற 15 ஜிபி எப்போதோ நிரம்பிவிட்டது, மின்னஞ்சலும் அதற்குள்தானே. சின்னவன் ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுத் தந்திருக்கிறான், இன்னொரு பிரதி மூத்தவளிடம். அதை நம்பி என்ன? கறையானுக்குத் தப்பிய அல்பத்தை ஐம்பது வருசம் கழித்தும் திறக்கலாம், இந்த டிஸ்கை அப்போது எதில் செருகுவது? அதனால் மாதத்துக்குக் கொஞ்சமாய்ப் பொறுக்கி ரவுணில் கொடுத்து அச்சுப் போடுகிறேன். பின்னால் பென்சிலால் திகதியும் இடமும் எழுதுகிறேன். குமிழ்முனைப் பேனா முன்பக்கம் எழும்பும். மனிசி கேட்கிறாள், "நாங்கள் போனபிறகு பிள்ளையள் இதுகளை வைச்சுப் பாப்பினமோ, குப்பையில போடுவினமோ?" போடலாம். ஒரு சிலந்தி வலையையும் மருமகனின் வாயையும் எதற்கு வைத்திருக்க வேண்டும்? எனக்குப் பதில் தெரியவில்லை. உன் அம்மாவும் எதற்கென்று தெரியாமல்தான் அந்த விளக்குமாற்றுப் படத்தை அல்பத்தில் ஒட்டி வைத்தா.

வேறு புதினம்: மொட்டையின் இளையவளுக்குத் தை மாதம் கலியாணம், மண்டபம் எடுத்துவிட்டான், உனக்குக் காட் வரும். கட்டைச் சித்தப்பா திரும்பவும் தேர்தலில் நிற்கப் போகிறாராம், நான் கேட்காததுபோல் இருந்துவிட்டேன். பின்வேலி அரைவாசி மழைக்கு விழுந்தது. கிடுகு இல்லை, தகரம்தான் இனி.

பணியாரம் அனுப்பவில்லை, பழுதாகிவிடும். அம்மா அனுப்பச் சொன்ன புழுக்கொடியல் மாமா மகனின் பெட்டியில் இருக்கிறது, கேட்டு வாங்கு, அவன் தானே தின்றுவிடுவான். படம் கிடைத்தால் முதலில் எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு நேரே அனுப்பாதே. விளக்குமாற்றோடு தன்னைப் பார்த்தால் முப்பத்தைந்து வருசக் கோபம் திரும்பினாலும் திரும்பும். நான் பக்கத்தில் இருக்கவேண்டும். உன் வீட்டுக் குசினியையும் ஒரு படம் எடுத்து அனுப்பு. பாத்திரம் கழுவி ஒதுக்கிய பிறகு எடுத்தால் எனக்குத் தெரியும், உன் மனிசியைக் கேட்பேன்.

அன்புடன்,
குட்டான்